பால்காரனும் ஆட்டோக்காரனும் எங்கே போனார்கள்?

பாத்திரப் பட்டறைச் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்பதற்கு அனுப்பர்பாளையத்துக் காதுதான் வேண்டும். திருப்பூர் என்றாலே பனியன் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அவிநாசி ரோட்டில் இருக்கும் இந்தப் பகுதிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததோ பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்கள். சுத்தியல் தட்டுக்கும் பாலிஷ் மோட்டாரின் இரைச்சலுக்கும் ஈடுகொடுத்து நிற்கிற பாட்டு ஒரே வகைதான்: ஹீரோ அறிமுகப் பாட்டு.

அந்தப் பாட்டு ஒரு காலத்தில் தொழிலைப் பற்றிப் பாடியது. எம்.ஜி.ஆர். படங்களின் பெயர்களையே பாருங்கள்: 1964-ல் ‘படகோட்டி’, ‘தொழிலாளி’, 1967-ல் ‘விவசாயி’, 1971-ல் ‘ரிக்‌ஷாக்காரன்’. ரஜினி 1992-ல் ‘அண்ணாமலை’யில் பால்காரர். 1995-ல் ‘பாட்ஷா’வில் ஆட்டோக்காரர், ‘முத்து’வில் குதிரை வண்டிக்காரர். தேவாவின் மெட்டும் எஸ்.பி.பி.யின் குரலும் சேர்ந்தபோது ஆட்டோ ஸ்டாண்டுகளுக்கு ஒரு சொந்தப் பாட்டே கிடைத்துவிட்டது. புகழ் ஹீரோவுடையது என்றாலும், அதில் ஒரு பங்கு காக்கிச் சட்டைக்காரருக்கும் போய்ச் சேர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே ‘அண்ணாமலை’யில்தான் ‘சூப்பர் ஸ்டார்’ என்ற எழுத்துகள் தனி இசையோடு திரையில் ஒவ்வொன்றாகத் தோன்றும் டைட்டில் கார்டும் முதன்முதலாக வந்தது. ஒரே படத்தில் பால்காரனும் பட்டமும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். பட்டம் நிலைத்தது, பால்காரன் மெல்ல வெளியேறிவிட்டான்.

2023-ல் ‘ஜெயிலர்’ படத்துக்கு அனிருத் இசையில் சூப்பர் சுப்பு எழுதிய ‘ஹுகும்’ கேளுங்கள். கதையில் ரஜினி ஓய்வுபெற்ற சிறை அதிகாரி. பாட்டுக்கு அந்த அதிகாரி தேவைப்படவில்லை. ரசிகர்களின் தலைமுறைக் கணக்கும், பட்டத்துக்கு அலைபவர்களுக்கான பதிலும்தான் அதன் சரக்கு. புகழைப் பற்றிப் புகழ் பாடும் பாட்டு. எனக்கும் அந்தத் தாளத்தில் கால் ஆடத்தான் செய்கிறது, மறைப்பானேன்?

2025 ஆகஸ்ட் 14-ல் ‘கூலி’ வந்தபோது பெயரைப் பார்த்து ஆசைப்பட்டேன். தொழிலாளி திரும்பி வந்துவிட்டார் என்று. ‘பவர்ஹவுஸ்’ பாட்டில் கேட்டதோ தியேட்டர் ரகளையும் நாயகனின் பலமும்தான். அனுப்பர்பாளையத்தில் கூலி என்றால் படமில்லை. குடத்துக்கு இவ்வளவு, அண்டாவுக்கு இவ்வளவு என்று தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர்களும் உட்கார்ந்து பேசி முடிக்கிற விஷயம்.

மேற்கிலும் புகழைப் பற்றிய பாட்டுகள் உண்டு. ரஜினி ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் கேட்டைத் திறந்து உள்ளே வந்த அதே 1975-ல் டேவிட் போவி ‘ஃபேம்’ என்றே ஒரு பாட்டுப் பாடினார். அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அது புகழைச் சலித்துக்கொண்ட பாட்டு. 2009-ல் லேடி காகாவின் ‘பாப்பராசி’, துரத்தும் கேமராவையே காதலாக்கியது. நம் ஊர் நட்சத்திரத்துக்கு அலுப்பு வந்தால் பாட்டு வராது, அறிக்கை வரும். 2011 ஏப்ரலில் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார் அஜித். 2021-ல் ‘தல’ என்று அழைக்க வேண்டாம் என்றார். 2024 டிசம்பரில், தன்னைக் கடவுளாக்கிக் கூட்டங்களில் போடும் கோஷத்தையும் நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டார். அந்த அறிக்கைகளுக்கு யாரும் மெட்டுப் போடவில்லை.

அதனால் பாட்டெழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த அறிமுகப் பாட்டுக்கு உட்காரும் முன், பொங்கலுக்கு முந்தைய மாதத்தில் ஒருநாள் அனுப்பர்பாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்குங்கள். பட்டறை வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். தாளம் அங்கே தயாராக இருக்கிறது; குடம் தட்டுகிறவரின் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.