பூங்கா திறந்துவிட்டது, போகலாமா?

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உலகப் புகழ்பெற்ற கேளிக்கைப் பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஜனவரி 25ஆம் தேதி ஷங்ஹாய் டிஸ்னிலேண்ட் மூடப்பட்டது. மறுநாள் ஹாங்காங் டிஸ்னிலேண்டும், பிப்ரவரி இறுதியில் தோக்கியோ டிஸ்னிலேண்டும் மூடப்பட்டன. மார்ச் 11ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் கொவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில நாள்களில் அமெரிக்காவின் பெரிய பூங்காக்களும் மூடப்பட்டன. மலேசியாவில் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 7ஆம் தேதி கிருமிப் பரவலை முறியடிக்கும் நடவடிக்கை தொடங்கியபோது, செந்தோசாவில் உள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் உட்படச் சுற்றுலாத் தலங்கள் யாவும் மூடப்பட்டிருந்தன.

சில மாதங்களுக்குப் பிறகு பூங்காக்கள் மீண்டும் திறக்கப்பட்டன. ஆனால், கிருமி மறைந்துவிடவில்லை. தடுப்பூசியும் அப்போது கிடைக்கவில்லை. பல வாரங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த பிள்ளைகள், “பூங்காவைத்தான் திறந்துவிட்டார்களே, போகலாமா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை கூறுவது பெற்றோருக்கு எளிதாக இல்லை. ஓர் இடம் திறந்திருக்கிறது என்பதும் அங்கே போவது சரி என்பதும் ஒன்றா? அதை அறிய, பூங்காக்கள் மூடப்பட்டதற்கும் திறக்கப்பட்டதற்குமான காரணங்களை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூட்டமும் கிருமியும்

கொவிட்-19 கிருமி, தொற்று உள்ளவர் மூச்சுவிடும்போதும் பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நுண்ணிய துளிகள் வழியாகப் பரவுகிறது. குரலை உயர்த்திப் பேசினாலோ கத்தினாலோ துளிகள் இன்னும் அதிகமாக வெளிவரும். காற்றோட்டமான திறந்தவெளியில் அவை விரைவில் கலைந்துவிடும். மூடிய அறையிலோ அவை காற்றில் தேங்கி நிற்கும்.

ஜப்பானிய அரசாங்கம் இதை மக்களுக்கு எளிதாகப் புரியவைக்க, மூன்று வகைச் சூழல்களைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டது. காற்றோட்டம் இல்லாத மூடிய இடம், கூட்டம் நிறைந்த இடம், மிக அருகில் நின்று உரையாடும் சூழல் ஆகியவையே அம்மூன்று. கேளிக்கைப் பூங்காவின் பெரும்பகுதி திறந்தவெளிதான். என்றாலும், வரிசையில் நெருக்கமாக நிற்பது, இருட்டறையில் காட்சி பார்ப்பது, உணவகத்தில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உண்பது ஆகியவையும் அங்கு உண்டு. ஆகவே, ஒரே பூங்காவிற்குள்ளேயே ஆபத்து குறைந்த இடங்களும் அதிகமான இடங்களும் இருக்கின்றன.

பூங்காவிற்கு வருவோர் பல ஊர்களிலிருந்து வந்து, மாலையில் பல ஊர்களுக்குத் திரும்புகிறார்கள். இதனால் நோய் எவ்வளவு தூரம் பரவக்கூடும் என்பதற்குக் கொவிட்-19க்கு முந்தைய ஒரு நிகழ்வு சான்றாக உள்ளது. 2014 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் பூங்காவிற்குச் சென்ற சிலருக்குத் தட்டம்மை தொற்றியது. அந்தத் தொற்று அமெரிக்காவில் மட்டும் 140க்கும் அதிகமானோரைப் பாதித்தது. அண்டை நாடுகளான கனடாவிலும் மெக்சிகோவிலும்கூட அதனோடு தொடர்புடைய நோயாளிகள் கண்டறியப்பட்டனர். அவர்களில் பலர் பூங்காவிற்குப் போகாதவர்கள்; போய்வந்தவர்களிடமிருந்து நோயைப் பெற்றவர்கள்.

திறப்பதற்கான நிபந்தனைகள்

இந்த ஆபத்தைக் குறைக்கவே, பூங்காக்கள் கடுமையான நிபந்தனைகளோடு திறக்கப்பட்டன. ஷங்ஹாய் டிஸ்னிலேண்ட் 2020 மே 11ஆம் தேதி திறந்தபோது, வழக்கமாக 80,000 பேர் வரக்கூடிய அந்தப் பூங்காவில் நாளொன்றுக்கு 24,000 பேருக்கு மேல் அனுமதிக்கக்கூடாது என்று சீன அரசாங்கம் வரம்பு விதித்தது. சிங்கப்பூரில் ஜூலை 1ஆம் தேதி முதல் 13 சுற்றுலாத் தலங்கள் மீண்டும் செயல்படச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் அனுமதி அளித்தது. தொடக்கத்தில் அவை தம் கொள்ளளவில் கால்பங்கு வருகையாளர்களை மட்டுமே ஏற்க முடிந்தது. வருகையாளர்கள் முகக்கவசம் அணிந்தனர். நுழைவாயிலில் உடல் வெப்பநிலை சோதிக்கப்பட்டது. ஐந்து பேருக்கு மேல் ஒரு குழுவாகச் செல்ல முடியவில்லை.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் இருந்தது. எண்ணிக்கையைக் குறைத்தால் வரிசையில் இடைவெளி விட முடியும். முகக்கவசம் துளிகள் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும். வந்தவர்களின் விவரங்கள் பதிவாகியிருந்தால், ஒருவருக்குத் தொற்று இருப்பது பின்னர் தெரியவந்தாலும் அவரோடு இருந்தவர்களை எச்சரிக்க முடியும்.

ஜப்பானில் வேடிக்கையான ஒரு விதியும் வந்தது. ரோலர் கோஸ்டரில் செல்வோர் கத்த வேண்டாம் என்று அந்நாட்டுப் பூங்காச் சங்கங்கள் கேட்டுக்கொண்டன. ஃபுஜி மலைக்கு அருகிலுள்ள ஃபுஜி-கியூ ஹைலேண்ட் பூங்காவின் நிர்வாகிகள் இருவர், செங்குத்தாக இறங்கும் ரோலர் கோஸ்டரில் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அமர்ந்து சென்று, அதைக் காணொளியாக வெளியிட்டார்கள். அலற வேண்டுமானால் மனத்துக்குள்ளேயே அலறிக்கொள்ளுங்கள் என்பதே அவர்கள் கூறிய செய்தி. உலகமே அதைப் பார்த்துச் சிரித்தது. ஆயினும், கத்தும்போது துளிகள் அதிகம் வெளிவரும் என்ற அறிவியல் உண்மையே அந்த விதிக்கு அடிப்படை.

ஆனால், எந்த விதியும் ஆபத்தை முழுமையாக நீக்குவதில்லை. வெப்பநிலைச் சோதனை காய்ச்சல் உள்ளவரை மட்டுமே கண்டுபிடிக்கும். கொவிட்-19 தொற்றிய ஒருவர், நோய் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள்களுக்கு முன்பே அதைப் பிறருக்குப் பரப்பக்கூடும். சிலருக்கு அறிகுறியே தோன்றாமலும் போகலாம். அத்தகையவர் சோதனையைக் கடந்து உள்ளே சென்றுவிடுவார். தமக்குத் தொற்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

பூங்காவை நம்பி வாழ்வோர்

இவ்வளவு ஆபத்து இருந்தால், நோய் முற்றிலும் ஒழியும்வரை பூங்காக்களை மூடியே வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அவ்வாறு செய்வதற்கும் ஒரு விலை உண்டு. பூங்கா என்பது விளையாட்டுச் சாதனங்கள் மட்டும் அன்று. நுழைவுச்சீட்டு விற்பவர், துப்புரவு ஊழியர், சமையற்காரர், நடனக் கலைஞர், இயந்திரப் பழுதுபார்ப்பாளர் எனப் பலரின் குடும்பங்கள் அதை நம்பியே வாழ்கின்றன. அருகிலுள்ள தங்குவிடுதிகளும் உணவுக்கடைகளும் பேருந்து நிறுவனங்களும் அதனால் பயன்பெறுகின்றன. 2020 செப்டம்பர் இறுதியில், டிஸ்னி நிறுவனம் அமெரிக்காவில் 28,000 ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தது. அவர்களில் மூன்றில் இரு பங்கினர் பகுதிநேர ஊழியர்கள்.

சிங்கப்பூரும் இதை உணர்ந்திருந்தது. வெளிநாட்டுப் பயணிகள் வர முடியாத நிலையில், உள்நாட்டு மக்கள்தான் சுற்றுலாத் துறைக்குக் கைகொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே, 2020 டிசம்பர் முதல் சுற்றுலாத் தலங்களிலும் ஹோட்டல்களிலும் பயன்படுத்துவதற்காக, 18 வயதை எட்டிய சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி மதிப்புள்ள பற்றுச்சீட்டுகளை அரசாங்கம் வழங்கியது.

மக்களின் மனநலனையும் கருதவேண்டியிருந்தது. பல வாரங்கள் வெளியே செல்லாமல், நண்பர்களைச் சந்திக்காமல், கணினித் திரை வழியாகவே பாடம் பயின்ற மாணவர்கள் சோர்ந்திருந்தார்கள். குடும்பத்தோடு ஒருநாள் மகிழ்ச்சியாக வெளியே செல்வது வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடக்கூடியது அன்று.

ஒரே நிறுவனம், வெவ்வேறு முடிவுகள்

பூங்காவைத் திறப்பதற்கு ஏற்ற நேரம் எது என்பதில் எல்லா அரசாங்கங்களும் ஒரே கருத்தைக் கொண்டிருக்கவில்லை. டிஸ்னி நிறுவனத்தின் பூங்காக்களே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2020 ஜூன் 18ஆம் தேதி திறக்கப்பட்டது. நகரில் தொற்று மீண்டும் கூடியதால், ஒரு மாதம் முடிவதற்குள் ஜூலை 15ஆம் தேதி அது மூடப்பட்டது. செப்டம்பரில் திறந்து, டிசம்பரில் மறுபடியும் மூடப்பட்டது. ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி உலகம் ஜூலை 11ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு மறுநாள், அந்த மாநிலத்தில் ஒரே நாளில் 15,000க்கும் அதிகமானோருக்குத் தொற்று உறுதிசெய்யப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கலிஃபோர்னியாவிலோ, வட்டாரத்தில் தொற்று குறையும்வரை பெரிய பூங்காக்களைத் திறக்க மாநில அரசாங்கம் அனுமதிக்கவில்லை. அங்குள்ள டிஸ்னிலேண்ட் 2021 ஏப்ரல் 30ஆம் தேதிதான் மீண்டும் திறந்தது. ஏறக்குறைய 13 மாதங்கள் அது மூடிக்கிடந்தது.

இத்தகவல்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஃபுளோரிடாவின் அந்த 15,000 பேருக்கும் பூங்காவினால் நோய் வந்தது என்று முடிவுகட்டக்கூடாது. தொற்று ஏற்பட்டு, அறிகுறி தோன்றி, சோதனை முடிவு வெளிவரச் சில நாள்கள் ஆகும். ஆகவே, முந்திய நாள் திறந்த பூங்கா அதற்குக் காரணமாக இருக்க முடியாது. அந்த எண்ணிக்கை வேறொன்றை உணர்த்துகிறது. சுற்றுவட்டாரத்தில் நோய் மிகுந்திருந்த நேரத்திலும் ஒரு பூங்காவின் வாயில் திறந்திருந்தது என்பதே அது. வாயில் திறந்திருப்பதை மட்டும் வைத்து, ஆபத்து குறைந்துவிட்டது என்று கருத முடியாது.

அனுமதி வேறு, முடிவு வேறு

அரசாங்கம் அனுமதி அளிக்கும்போது நாடு முழுவதையும் மனத்தில் கொள்கிறது. மருத்துவமனைகளில் இடம் இருக்கிறதா, தொற்று எண்ணிக்கை குறைகிறதா, பொருளாதாரம் தாங்குமா என்று பார்க்கிறது. ஒவ்வொரு வீட்டின் நிலைமையையும் அது அறிய முடியாது. அதை அறிந்தவர்கள் அந்த வீட்டில் உள்ளவர்களே.

இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். முதல் குடும்பத்தில் பெற்றோரும் உயர்நிலைப்பள்ளியில் பயிலும் இரு பிள்ளைகளும் இருக்கிறார்கள். நால்வரும் உடல்நலத்தோடு உள்ளனர். இரண்டாவது குடும்பத்தில் அவர்களோடு பாட்டியும் வசிக்கிறார். அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்கிறார். இரு குடும்பங்களும் ஒரே நாளில், ஒரே பூங்காவிற்கு, ஒரே விலையில் நுழைவுச்சீட்டு வாங்கலாம். ஆனால், முதல் குடும்பத்திற்கு ஏற்ற முடிவு இரண்டாவது குடும்பத்திற்கு ஏற்றதாக இராது. அங்கே ஆபத்தை ஏற்பவர்கள் பூங்காவிற்குச் செல்பவர்கள் மட்டும் அல்லர். வீட்டிலேயே இருக்கும் பாட்டியும் அதை ஏற்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் அவர் எந்த விளையாட்டுச் சாதனத்திலும் ஏறப்போவதில்லை.

முதல் குடும்பத்திற்கும் இது ஓரளவு பொருந்தும். அவர்கள் பேருந்தில் யாருக்கு அருகில் அமர்கிறார்கள், பணியிடத்தில் யாரோடு பழகுகிறார்கள் என்பதும் கருதத்தக்கதே. தொற்றுநோய்க் காலத்தில் ஒருவர் எடுக்கும் முடிவின் விளைவு அவரோடு நின்றுவிடுவதில்லை.

முடிவெடுக்க உதவும் கேள்விகள்

எனவே, போகலாமா வேண்டாமா என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஆனால், விடையைக் கண்டறிய உதவும் கேள்விகள் உள்ளன.

வட்டாரத்தில் தொற்று கூடுகிறதா, குறைகிறதா? வீட்டில் முதியவரோ நாட்பட்ட நோய் உள்ளவரோ கைக்குழந்தையோ இருக்கிறார்களா? பூங்காவில் பெரும்பாலான நேரத்தைத் திறந்தவெளியில் கழிக்க முடியுமா? கூட்டம் குறைந்த வார நாளில் செல்ல முடியுமா? வெயிலிலும் வியர்வையிலும் நாள் முழுவதும் விதிகளைப் பின்பற்றக் குடும்பத்தினர் அனைவரும் ஆயத்தமா?

இவற்றோடு இன்னொரு கேள்வியும் முக்கியமானது. புறப்படும் நாள் காலையில் ஒருவருக்குத் தொண்டை வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நுழைவுச்சீட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. பல வாரங்களாகக் காத்திருந்த நாள் அது. அப்போது பயணத்தைக் கைவிட அவர்களுக்கு மனம் வருமா? வராது என்று தோன்றினால், முன்பதிவு செய்வதற்கு முன்னரே அதைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. தேதியை மாற்ற முடியுமா, பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று விசாரித்துவிட்டு நுழைவுச்சீட்டு வாங்கலாம். பணம் வீணாகிவிடும் என்பதற்காக உடல்நலமில்லாமல் கூட்டத்திற்குள் செல்வது, பிறருடைய நலனைப் பணயம் வைப்பதாகும்.

நண்பர்கள் அனைவரும் செல்கிறார்கள் என்பதும் பலரைத் தயங்கவைக்கும். வர இயலாது என்று சொல்வது இளையர்களுக்குக் கடினம்தான். “வீட்டில் பாட்டி இருக்கிறார், இப்போது வேண்டாம், நிலைமை சரியானதும் சேர்ந்து போவோம்” என்று காரணத்தை வெளிப்படையாகக் கூறினால், நல்ல நண்பர்கள் புரிந்துகொள்வார்கள். போகாதவரைக் கோழை என்பதும், போனவரைப் பொறுப்பற்றவர் என்பதும் முறையன்று. ஒவ்வொருவரின் வீட்டு நிலைமையும் மற்றவருக்குத் தெரியாது.

2020 டிசம்பர் இறுதியில் சிங்கப்பூரில் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. படிப்படியாகக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 2023 மே 5ஆம் தேதி, கொவிட்-19 இனி உலகளாவிய சுகாதார நெருக்கடிநிலை அன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று பூங்காக்களில் மீண்டும் கூட்டம் நிறைந்திருக்கிறது. ரோலர் கோஸ்டரில் செல்வோர் வாய்விட்டு அலறுகிறார்கள். ஆனாலும், சளிக்காய்ச்சல் பரவும் காலங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. புதிய தொற்றுநோய்களும் தோன்றக்கூடும். அப்போதும் எந்த வாயிலைத் திறப்பது, எதை மூடுவது என்பதை அதிகாரிகள் முடிவுசெய்வார்கள். திறந்த வாயிலுக்குள் இன்று நுழைவதா, இன்னொரு நாள் வருவதா என்பதை, வீட்டில் காத்திருப்பவரையும் எண்ணிப் பார்த்து, குடும்பத்தினரே முடிவுசெய்ய வேண்டும்.