ஹிப்பி: பத்திரிகைகள் பரப்பிய பெயர்

1960களின் அமெரிக்காவில் வியட்நாம் போரை எதிர்த்து, வேலை, சொத்து, அந்தஸ்து என்று ஓடும் வாழ்க்கையை உதறி, நீண்ட முடியும் வண்ண உடையுமாகக் கூடி வாழ்ந்த இளைஞர்களுக்கு ஏற்பட்ட பெயர் ‘ஹிப்பி’.

இதன் வேர் ‘ஹிப்’. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘விவரம் தெரிந்தவர்’ என்ற பொருளில் இது கொச்சை வழக்கில் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் மொழியிலிருந்து அடிமைகளோடு வந்த சொல் என்று சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருந்தாலும், அதை உறுதிப்படுத்தும் எழுத்துச் சான்று இல்லை. கறுப்பின ஜாஸ் கலைஞர்களிடையே ‘ஹிப்’ வேரூன்றியது என்பதில் ஐயமில்லை. அந்த இசையிலும் நடை உடையிலும் ஊறியவர்களை 1940களில் ‘ஹிப்ஸ்டர்’ என்றார்கள். அவர்களைப் பார்த்து அரைகுறையாக நடந்துகொண்ட சின்னப் பையன்களுக்குக் கிடைத்த ஏளனப் பெயர்தான் ‘ஹிப்பி’.

அந்த ஏளனச் சொல்லுக்குப் புதுப் பொருள் தந்தவை சான்ஃபிரான்சிஸ்கோ பத்திரிகைகள். 1965 செப்டம்பரில் ‘எக்ஸாமினர்’ நாளிதழின் மைக்கேல் ஃபாலன், ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் குடியேறிய இளைஞர்களைப் பற்றி எழுதும்போது இதைக் கையாண்டார். ‘கிரானிக்கிள்’ நாளிதழில் பத்தி எழுதிய ஹெர்ப் கேன் இதை ஊரறியச் செய்தார். ஹிப்பிகளுக்கு முந்தைய கலகக்கார இளைஞர்களைக் குறித்த ‘பீட்னிக்’ என்ற சொல்லை 1958இல் உருவாக்கியவரும் அவரே. 1967 ஜூலையில் ‘டைம்’ இதழின் அட்டையில் ஹிப்பிகள் இடம்பெற்றார்கள்.

பெயர் பரவப் பரவ, அந்தப் பகுதிக்குக் கூட்டம் பெருகியது. 1967 கோடையில் வந்து குவிந்தவர்களுக்குத் தங்க இடமில்லை, உணவில்லை. போதைப்பொருளும் நோயும் பலரைச் சீரழித்தன. அங்கே இலவசமாக உணவு வழங்கிவந்த ‘டிகர்ஸ்’ குழுவினர் உள்ளிட்டோர் கொதித்துப்போய், அக்டோபர் 6 அன்று சவப்பெட்டி சுமந்து ‘ஹிப்பியின் மரணம்’ என்ற ஊர்வலமே நடத்தினார்கள். பத்திரிகைகள் பெற்ற பிள்ளை இறந்துவிட்டான் என்பதுதான் அதன் செய்தி. ஹிப்பி எனப்பட்டவர்களில் பலர் தங்களை ‘ஃப்ரீக்’ என்றே அழைத்துக்கொண்டார்கள்.

பெயர் மட்டும் சாகவில்லை. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழாவில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அதன் தொடக்க உரையை ஆற்றியவர் கோவை அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர்.

தமிழில் இச்சொல் தலைமுடியோடு ஒட்டிக்கொண்டது. காதை மறைக்க முடி வளர்த்தவனைப் பெரியவர்கள் ‘ஹிப்பித் தலை’ என்று திட்டினார்கள். போரை மறுத்த ஒரு தலைமுறையை முடியை வைத்து மட்டும் அடையாளப்படுத்துவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.