மலையைத் தாங்கும் கண்ணாடிக் கம்பி!

புனேயிலிருந்து மும்பைக்கு ரயிலில் போகிறவர்களுக்கு லோனாவாலா தாண்டியதும் ஒரு வேடிக்கை உண்டு. கண்டாலாவுக்கும் கர்ஜத்துக்கும் நடுவே ஒன்றன் பின் ஒன்றாகச் சுரங்கங்கள் வரும். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். வெளிச்சம் வந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். தலைக்கு மேல் நின்ற அந்த மலையை எது தாங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை.

இந்த போர்காட் ரயில் பாதை 1863-ல் திறக்கப்பட்டது. அப்போது அதில் 25 சுரங்கங்கள். கையால் துளை போட்டு, வெடிமருந்து வைத்துப் பாறையை உடைத்தார்கள். விபத்திலும் காலராவிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்தக் காலத்தில் பாறைக்கு முட்டுக் கொடுக்க மரக்கட்டையும் கல் வளைவும்தான் உண்டு.

இன்றைய முறை வேறு. பாறைக்கு வெளியே முட்டுக் கொடுப்பதோடு நிற்காமல், பாறைக்குள்ளேயே கம்பியைச் செலுத்தி அதைக் கட்டிப் போடுகிறார்கள். இதற்குப் பெயர் ராக் போல்ட். மும்பை-புனே விரைவுச் சாலையில் பஸ்ஸில் போகும்போது இதை நீங்களே பார்க்கலாம். 2015 ஜூலையில் அடோஷி சுரங்கம் அருகே பாறைகள் உருண்டு விழுந்து உயிர்ப்பலி ஏற்பட்டது. அதன் பிறகு மலைச்சரிவுகளில் கம்பி வலை போர்த்தினார்கள். வலையைப் பிடித்துக்கொண்டு ஆங்காங்கே தகடுகள் தெரியும். தகட்டுக்குப் பின்னால் பாறைக்குள் நீண்ட கம்பி இருக்கிறது.

வாளியில் நின்ற ஜல்லி

நம் தக்காணத்துப் பாறை எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்தது. கல் கடினமானதுதான். ஆனால் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே சில இடங்களில் மெத்தென்ற சிவப்பு மண் படலம் இருக்கும். கல்லில் விரிசலும் இருக்கும். கீழே குடைந்தால், விரிசல் விட்ட துண்டுகள் நழுவப் பார்க்கும். முதல் துண்டு நழுவினால் அடுத்தது பிடிப்பை இழக்கும். முதல் துண்டை நழுவ விடாமல் பிடிப்பதுதான் போல்ட்டின் வேலை.

ஆஸ்திரேலியாவில் 1949-ல் தொடங்கிய ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்தில்தான் இந்த முறை பெரிய அளவில் வளர்ந்தது. அங்கிருந்த பொறியாளர் டாம் லாங், ஒரு வாளியில் வெறும் ஜல்லியை நிரப்பி, அதில் சின்னச் சின்ன போல்ட்டுகளைப் பொருத்தி முடுக்கினார். பிறகு வாளியைக் கவிழ்த்தார். ஜல்லி கொட்டவில்லை! ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. ஆம், போல்ட் மலையைத் தூக்கிப் பிடிப்பதில்லை. மலை தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும்படி செய்கிறது.

இரும்பு எங்கே இடைஞ்சல்?

நெடுங்காலமாக இந்த போல்ட் இரும்பில்தான் இருந்தது. இப்போதும் பெரும்பாலும் இரும்புதான். ஆனால் இரும்புக்கு இரண்டு குறைகள். ஈரத்தில் துருப்பிடிக்கும். அதை அடித்த இடத்தைப் பிறகு வெட்ட வேண்டி வந்தால், வெட்டும் இயந்திரத்தின் பல்லை உடைக்கும்.

புதைந்த இரும்பு என்ன பாடு படுத்தும் என்பதை 2023-ல் நாடே பார்த்தது. உத்தரகண்ட் மாநிலம் சில்க்யாரா சுரங்கம் நவம்பர் 12-ந் தேதி, தீபாவளி நாளில், இடிந்தது. 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள். இடிபாட்டைத் துளைத்துச் சென்ற இயந்திரம், அதில் சிக்கிக் கிடந்த சுரங்கத் தாங்கிகளின் இரும்பில் மோதி உடைந்தது. கடைசி சில மீட்டரை எலிவளைத் தொழிலாளர்கள் கையால் தோண்டித்தான், 17-ம் நாள் அத்தனை பேரையும் உயிருடன் மீட்டார்கள். அங்கே சிக்கியது போல்ட் அல்ல, தாங்கிகளின் இரும்பு. ஆனாலும், தாங்க வைத்த இரும்பே வழியை மறிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் பைபர் கிளாஸ் போல்ட். மெல்லிய கண்ணாடி இழைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து, ரெசின் என்னும் பிசினில் தோய்த்து, சூடான அச்சுக்குள் விட்டு இழுக்கிறார்கள். இடியாப்ப அச்சில் மாவை ஒரு பக்கமிருந்து அழுத்துகிறோம். இங்கே மறு பக்கமிருந்து இழுக்கிறார்கள். வெளியே வரும்போது கெட்டியான கம்பியாகிவிடும்.

எடை, இரும்பில் கால் பங்குதான். 25 மில்லி மீட்டர் பருமனில் 3 மீட்டர் நீள இரும்புக் கம்பி சுமார் பதினொன்றரை கிலோ. கண்ணாடிக் கம்பி சுமார் 3 கிலோ. குனிந்து நிமிர்ந்து நாள் முழுக்கத் தலைக்கு மேல் கம்பி ஏற்றும் தொழிலாளியின் தோளுக்கு இந்த வித்தியாசம் தெரியும். துருப்பிடிக்காது. நீள வாக்கில் இழுத்தால், அதே பருமனுள்ள சாதாரண இரும்புக் கம்பியைவிட அதிகம் தாங்கும். இயந்திரம் வந்தால் தடையின்றி வெட்டுப்படும்.

இத்தாலியில் 1980-களில் ரோம்-பிளாரன்ஸ் ரயில் பாதைச் சுரங்கங்களில் இதைப் பயன்படுத்தினார்கள். மண் இளகிய இடத்தில், குடையப் போகும் முகப்பிலேயே நீளமான கண்ணாடிக் கம்பிகளைச் செலுத்தி இறுக்கிவிட்டு, பிறகு கம்பியோடு சேர்த்தே மண்ணை வெட்டிக்கொண்டு முன்னேறினார்கள். இந்த முறையை வளர்த்த பொறியாளர் பியத்ரோ லுனார்தி, பின்னாளில் அந்நாட்டு மந்திரியும் ஆனார்.

நிலக்கரிச் சுரங்கங்களிலும் இதற்கு வேலை உண்டு. நாளை வெட்ட வேண்டிய கரிச்சுவரில் இன்று இரும்பு போல்ட் அடித்தால், வெட்டும் இயந்திரம் அதில் உரசித் தீப்பொறி பறக்கலாம். மீத்தேன் வாயு உள்ள இடத்தில் ஒரு பொறி போதும், குடும்பங்கள் அழிவதற்கு. அத்தகைய சுவரில் வெட்டுப்படும் கண்ணாடிக் கம்பியே ஏற்றது.

எல்லா இடத்துக்கும் அல்ல

அப்படியானால் இரும்பை ஒதுக்கிவிடலாமா? கூடாது. கண்ணாடிக் கம்பி நேராக இழுப்பதைத் தாங்குமே தவிர, குறுக்கே வரும் வெட்டு விசையைத் தாங்குவதில் இரும்பைவிட மட்டம். இரும்பு முறிவதற்கு முன் நீண்டு, வளைந்து எச்சரிக்கை கொடுக்கும். கண்ணாடிக் கம்பி சொல்லாமல் முறியும்.

நம்மவர்கள் ரத்தம் சிந்திய கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். வட ஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வேலை செய்தார்கள். அங்கே பாறை சரிவதோடு நிற்காது. அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும். 2001 பிப்ரவரியில் அந்தச் சுரங்கம் மூடப்படும் வரை பாறை வெடிப்பு என்ற சொல் அங்குள்ள வீடுகளை நடுங்க வைத்தது. அதுபோன்ற இடத்துக்கு நீண்டு கொடுக்கும் இரும்பு போல்ட்டுதான் வேண்டும். கண்ணாடிக் கம்பி உதவாது.

கீழே நிற்பவர் கவனிக்க

ஆக, கம்பி எதனால் ஆனது என்பது பாதிச் செய்திதான். மீதிப் பாதி, அதை எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது.

போல்ட்டின் நீளம், இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே உள்ள தூரத்தைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பது டாம் லாங் வகுத்த விதிகளில் ஒன்று. 3 மீட்டர் போல்ட்டை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக அடித்தால் கணக்கு சரி. செலவை மிச்சம் பிடிக்க ஒன்று விட்டு ஒன்று அடித்தால் இடைவெளி 3 மீட்டர் ஆகிவிடும். பாதி போல்ட் மிச்சம். ஆனால் வளைவின் கட்டு விட்டுப்போகும். பார்வைக்குத் தகடுகள் வரிசையாகத்தான் தெரியும்!

துளைக்குள் சிமெண்டுப் பாலோ ரெசினோ அடிவரை நிறைய வேண்டும். வாய்ப்பக்கம் மட்டும் பூசினால் அது போல்ட் அல்ல, அலங்காரம். கலவை இறுகும் முன் கீழே ஆளை அனுப்பக் கூடாது. ஜாக்கி வைத்து, சில போல்ட்டுகளையாவது இழுத்துப் பார்க்க வேண்டும். கூரையைக் கடப்பாரையால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் பாறை பிரிந்திருக்கிறது என்று பொருள். கண்ணாடிக் கம்பியை அறுக்கும்போது பறக்கும் தூள் தோலையும் மூச்சையும் பாதிக்கும். முகமூடியும் கையுறையும் அவசியம்.

சுரங்க வேலைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையோ, ஊர்க்காரரோ போகிறார் என்றால் சம்பளத்தைக் கேட்கும்போதே இதையும் கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை மீட்டருக்கு ஒரு போல்ட்? கலவை இறுக எவ்வளவு நேரம்? இழுத்துப் பார்த்தது யார்? மேஸ்திரிக்குப் பதில் தெரியாவிட்டால் பொறியாளரிடம் கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை. அந்தக் கூரையின் கீழ் நிற்கப் போகிறவர் அவர்தானே!