டவுன்லோடு சரி... அப்லோடு எவ்வளவு?

இரவு எட்டரை மணி. ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்து, செம்பரம்பாக்கம் வாடகை வீட்டுக்குத் திரும்பிய மகன், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போடுகிறார். அம்மாவின் முகம் பளிச்செனத் தெரிகிறது. அம்மாவோ, "நீ பேசறது விட்டுவிட்டுக் கேக்குதுப்பா... மூஞ்சியே தெரியல" என்கிறார். '100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன் போட்டிருக்கோமே!' என்று மகனுக்குக் குழப்பம்.

வேலைக்காக ஊரைவிட்டு வந்து தங்கியிருக்கும் பல வீடுகளில் நடப்பதுதான் இது. மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரிக்கு வரும் நீரின் அளவையும், மதகு வழியே வெளியேறும் நீரின் அளவையும் தனித்தனியாகத்தான் சொல்வார்கள். இன்டர்நெட்டிலும் அப்படியே. வீட்டுக்குள் வருவது டவுன்லோடு. வீட்டிலிருந்து போவது அப்லோடு. அம்மாவின் முகம் இங்கே தெரிய டவுன்லோடு வேண்டும். மகனின் முகம் அங்கே தெரிய அப்லோடு வேண்டும்.

விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் டவுன்லோடு வேகம்தான். 2023-ல் மத்திய அரசு மாற்றிய பிராட்பேண்ட் வரையறையும், டவுன்லோடு குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று மட்டுமே சொல்கிறது. அமெரிக்காவில் 2024-ல் வகுத்த அளவுகோலில் டவுன்லோடு 100, அப்லோடு 20 என இரண்டுமே இருக்கின்றன.

வித்தியாசம் எவ்வளவு பெரியது? 500 எம்பி கல்யாண வீடியோ ஒன்றை 100 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க 40 விநாடி போதும். அதையே 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு பைட் என்பது 8 பிட். அதனால்தான் இந்தக் கணக்கு.

அப்லோடு நிரம்பிவிட்டால் டவுன்லோடும் தடுமாறும். நாம் படம் பார்க்கும்போதுகூட, 'வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு' என்ற சின்னத் தகவல்கள் வீட்டிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். மொபைல் தானாகவே போட்டோக்களை பேக்கப் எடுக்கும் நேரத்தில், அந்தத் தகவல்களும் வரிசையில் மாட்டிக்கொள்ளும். படம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

என்ன செய்யலாம்?

* ஸ்பீடு டெஸ்ட் செய்யும்போது இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மோடத்தில் கேபிள் போட்டு ஒருமுறை, வைஃபையில் ஒருமுறை பாருங்கள். கேபிளில் நன்றாக இருந்து வைஃபையில் குறைந்தால், கனெக்‌ஷனில் கோளாறு இல்லை. மோடம் இருக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

* போட்டோ பேக்கப்பை எல்லோரும் தூங்கிய பிறகு நடக்கும்படி வையுங்கள்.

* வீட்டு சிசிடிவி கேமரா கிளவுடில் பதிவு செய்தால், அது நாள் முழுக்க அப்லோடைத் தின்னும். மெமரி கார்டில் பதிவு செய்யும்படி மாற்றலாம்.

* நல்ல தரத்தில் ஒரு வீடியோ காலுக்கு 3 முதல் 4 எம்பிபிஎஸ் அப்லோடு தேவைப்படும். வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

* ஃபைபர் திட்டங்கள் சிலவற்றில் இரண்டு வேகமும் சமமாகவே கிடைக்கும். 5ஜி சிக்னல் வழியாக வரும் வீட்டு இணைப்பில் பொதுவாக அப்லோடு குறைவு.

அடுத்த முறை புதிய கனெக்‌ஷன் வாங்கும்போது, "எத்தனை எம்பிபிஎஸ்?" என்பதோடு நிறுத்தாமல், "அப்லோடு எவ்வளவு?" என்றும் கேளுங்கள். அதுவரை, அம்மாவிடம் பேசும் அந்தப் பத்து நிமிடம் பேக்கப்பை நிறுத்தி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.