கணக்கு வராத பையனுக்கு வழி என்ன?

நயினார்கோவில்! பரமக்குடிக்கு அருகே, நாகநாதர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. நெல், பருத்தி, மிளகாய் - இவைதான் பிழைப்பு.

அங்கே ஒரு வீட்டுத் திண்ணையை நினைத்துப் பாருங்கள். ஏழாம் வகுப்புப் பையன் பரீட்சைத் தாளை நீட்டுகிறான். கணக்கில் 100-க்கு 18!

"என்னடா இது?" என்கிறார் தகப்பனார்.

"சார் சொல்றது வெளங்கலப்பா" என்கிறான் மகன்.

"ஒனக்குக் கணக்கு வராதுடா. பேசாம எங்கூடக் காட்டுக்கு வந்துரு!"

இந்த ஒரு வார்த்தையோடு எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு முடிந்து போகிறது.

கோளாறு எங்கே?

உண்மையில் அந்தப் பையனுக்கு ஏழாம் வகுப்புக் கணக்கா வரவில்லை? 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 12 என்று எழுதுவான். நடுவில் வரவேண்டிய பூஜ்யத்தை விட்டுவிட்டான். சரியான விடை 102. அவன் தடுக்கி விழுந்தது நாலாம் வகுப்பில்! அதற்குப் பிறகு எது சொன்னாலும் அவனுக்கு விளங்காது.

இது ஒரு பையனின் குறை மட்டுமல்ல. 2024-ஆம் ஆண்டு 'அசர்' கல்வி அறிக்கையைப் பாருங்கள். இந்தியக் கிராமங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில், மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 100-க்குச் சுமார் 46 பேர்தான்!

ஆகவே முதல் வேலை, நூல் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது. மூன்றாம், நாலாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குகளில் ஐந்தைந்து கொடுங்கள். எங்கே தவறுகிறானோ அங்கிருந்து தொடங்குங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

நிலமே பலகை!

பின்னம் என்றாலே பிள்ளைகளுக்குப் பயம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, 'ஐந்தில் இரண்டு' என்று எழுதிவிடுவார்கள்.

திட்ட வேண்டாம். 60 சென்ட் மிளகாய்க் கொல்லையைக் காட்டுங்கள். அதில் பாதி 30 சென்ட். மூன்றில் ஒரு பங்கு 20 சென்ட். இரண்டும் சேர்ந்தால் 50 சென்ட். 60-இல் 50 என்றால் ஆறில் ஐந்து பங்கு.

இனி அவன் எழுதிய விடையைப் பார்ப்போம். 60-இல் ஐந்தில் இரண்டு பங்கு 24 சென்ட்தான். 30 சென்ட்டோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் 24 ஆகுமா? பையனே சிரித்துவிடுவான். அந்தச் சிரிப்பில் கணக்கு மனதில் பதிந்துவிடும்!

படிக்காத பெற்றோரும் உதவலாம். "இது எப்படி வந்துச்சு, சொல்லு பாப்போம்" என்று கேட்டால் போதும். வாய்விட்டுச் சொல்லும்போது தவறு தானே வெளிப்படும். நாள்தோறும் அரை மணி நேரம் போதும். பரீட்சைக்கு முதல் நாள் ஐந்து மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஊர் கூடி உதவி

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பின்னர், 2021 அக்டோபர் 27-இல் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மாலை வேளையில், பிள்ளைகளின் வீட்டருகிலேயே தன்னார்வலர்கள் பாடம் சொல்லித் தந்தார்கள். 2025-26 கல்வியாண்டில், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கிய மாணவர்களுக்கு அடிப்படையைக் கற்பிக்க 'திறன்' திட்டம் வந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: பிள்ளை நிற்கும் இடத்துக்கு ஆசிரியர் போக வேண்டும்.

இதே மாவட்டத்தில் ராமேசுவரத்தில் பிறந்தவர் டாக்டர் அப்துல் கலாம். சிறு வயதில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, குளித்துவிட்டுக் கணக்குப் படிக்கப் போனதை அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியர் ஆண்டுக்கு ஐந்து மாணவர்களுக்கு மட்டும் இலவசமாகக் கற்பித்தாராம். ஐந்தே பேர்! ஒவ்வொருவரையும் அருகில் வைத்துப் பார்க்க அதுதானே வசதி?

அந்தத் திண்ணைக்கே திரும்புவோம். "ஒனக்குக் கணக்கு வராது" என்பதற்குப் பதில், "எந்த எடத்துல வெளங்கலப்பா?" என்று தகப்பனார் கேட்டால் என்ன?

பையன் பதில் சொல்வான். படிப்பும் அங்கிருந்தே மறுபடி தொடங்கும்!