இருதயம் நின்றவிடத்து அருகிருப்பார் கடன்

மனிதவுடம்பின்கண் ஓய்வின்றித் தொழில் புரியும் உறுப்பு இருதயமாகும். ஒருவருடைய மூடிய கையளவினதாய இவ்வுறுப்பு நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 70 முறை சுருங்கி விரிந்து, 5 இலீற்றர் அளவான குருதியை உடலெங்கும் செலுத்துகின்றது. நாளொன்றில் அதன் துடிப்பு ஓரிலட்சத்தை எட்டும். இத்தொழில் திடீரென நின்றுவிடின் சில விநாடிகளுள் அறிவு மயங்கும்; நான்கைந்து நிமிடங்கள் கழியவே மூளைக் கலங்கள் ஒட்சிசனின்றி மீளாக் கேடு உறத் தொடங்கும். எத்துணை விரைந்து வரினும் வைத்தியர் இந்நேரத்துள் வந்து சேர்தல் அரிது. ஆகவே, அச்சில நிமிடங்கள் அருகில் நிற்பவர் கையிலேயே உள்ளன. அவர் தாயாகவோ, மாணவனாகவோ, ஆசிரியராகவோ, பேருந்து நடத்துநராகவோ இருக்கலாம். அன்னார் செய்யத்தக்கது யாது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஈரிடர்களைப் பிரித்தறிதல் வேண்டும். இருதயத்தின் தசைக்குக் குருதி கொணரும் முடியுரு நாடிகளுள் ஒன்று அடைபட, அதனாற் போஷிக்கப்படும் தசைப்பகுதி கேடுறுதலே மாரடைப்பு. இந்நிலையில் நோயாளர் பெரும்பாலும் நினைவுடன் இருப்பர், இருதயமும் துடித்துக்கொண்டிருக்கும். இருதயநிறுத்தம் என்பது வேறு. ஆங்கு இருதயம் முற்றாகத் துடிப்பொழிந்தோ, ஒழுங்கிழந்து வறிதே நடுங்கியோ குருதியைச் செலுத்தும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. மாரடைப்பு இருதயநிறுத்தத்திற்கு வழிகோலக்கூடும். நீரில் மூழ்குதல், மின்தாக்குதல், மூச்சுத்திணறல் முதலியனவும் அதற்கு ஏதுவாகலாம்.

மாரடைப்பின் குறிகளாவன: நெஞ்சின் நடுவில் இறுக்கியாற்போன்ற நோவு, அந்நோவு இடத்தோள், கை, கழுத்து, தாடை என்பனவற்றிற் பரவுதல், குளிர்ந்த வியர்வை, ஓங்காளம், மூச்சுத்திணறல் என்பன. நீரிழிவுள்ளோரிடத்தும், முதியோரிடத்தும், பெண்டிரிடத்தும் நெஞ்சுநோவின்றியே வெறும் களைப்பும் மூச்சுமுட்டலும் தோன்றுதல் உண்டு. நம்மவர் இதனை வாய்வுக்குத்து எனக் கருதி, இஞ்சிச்சாறும் சோடாவும் பருகுவித்து, விடியட்டும் எனக் காத்திருக்கும் வழக்கம் உடையர். அடைபட்ட நாடியைத் திறக்கும் சிகிச்சை பிந்தப் பிந்த இறந்துபடும் தசை மிகும். ஆதலின் இக்காத்திருப்பே பெருங்கேடு பயப்பதாம். நோயாளரை நடக்கவிடாது, சாய்ந்தவண்ணம் அமர்த்தி, ஆடைகளைத் தளர்த்தி, உடன் நோயாளர் வண்டியை அழைத்தல் வேண்டும். அஸ்பிரின் ஒவ்வாதவரும் குருதிக்கசிவு நோயுடையவரும் அல்லராயின், 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கச் செய்தல் நன்று.

இனி, ஒருவர் நினைவிழந்து வீழ்ந்தவழிச் செய்யத்தக்கன யாவை? மின்கம்பி, வாகனம் முதலிய ஆபத்து அவ்விடத்து இல்லை என்பதை முன்னர் உறுதிசெய்க. தோள்களைத் தட்டி உரத்து அழைக்க. மறுமொழி இல்லையேல் தலையைச் சற்றுப் பின்சாய்த்து, நாடியை உயர்த்தி, மார்பு ஏறி இறங்குகின்றதா எனப் பத்து விநாடிக்கு மேற்படாது நோக்குக. இடையிடையே வாய் திறந்து விக்குவதுபோன்ற மூச்சு எழுமாயின் அதனைச் சுவாசமெனக் கொண்டு மயங்கலாகாது. அஃது இருதயம் நின்றதன் அடையாளமேயாம். ஒழுங்கான சுவாசம் இல்லையெனக் கண்டவுடன், அருகிலுள்ள ஒருவரைச் சுட்டி, 1990 என்னும் இலக்கத்தை அழைக்குமாறு கூறுக. இவ்விலக்கத்திற்குரிய சுவசெரிய நோயாளர்வண்டிச் சேவை இந்திய அரசின் உதவியோடு 2016 ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பெற்று, 2018 ஆம் ஆண்டில் வடமாகாணத்துக்கும் விரிந்தது. இதற்குக் கட்டணம் இல்லை.

அழைப்புச் செல்லும்போதே மார்பழுத்தம் தொடங்குதல் வேண்டும். வீழ்ந்தவரை உறுதியான தரையில் மல்லாத்திக் கிடத்தி, பக்கத்தே முழந்தாளிட்டு, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றைக் கையைக் கோத்துக் கொள்க. முழங்கை மடங்காது, உடற்பாரம் முழுதும் இறங்குமாறு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துக. ஒவ்வோர் அழுத்தத்தின் பின்னும் மார்பு முற்றாக மேலெழ விடுக. அவ்வாறு எழும்போதே குருதி இருதயத்துள் மீண்டும் நிறையும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, அஃதாவது விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு. பயிற்சியுடையோர் 30 அழுத்தங்களுக்கு ஒருமுறை, மூக்கைப் பொத்தி வாயோடு வாய்வைத்து இரு மூச்சுக்கள் ஊதுவர். பயிற்சியில்லாதவர் அழுத்தத்தை மட்டும் இடையறாது செய்யினும் பயனுண்டு. ஆயின், சிறுவரிடத்தும் நீரில் மூழ்கினாரிடத்தும் சுவாசக் குறைவே மூலகாரணமாதலின் மூச்சூதுதல் மிக இன்றியமையாதது. இத்தொழில் களைப்புத் தருவதாகலின் இரு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள்மாறுதல் நலம்.

இம்முறை தோன்றிய வரலாறு அறியத்தக்கது. பண்டு இருதயம் நின்றவழி வைத்தியர் நெஞ்சைப் பிளந்து கையால் நேரே பிசைவர். அது சத்திரசிகிச்சைக் கூடத்துக்கே உரியது. 1958 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்னதிர்ச்சி பற்றிய ஆய்வில், நாயின் மார்பின்மேல் மின்வாய்களை அழுத்தியபோதே அதன் குருதியமுக்கம் உயர்ந்ததை நிக்கர்பொக்கர் என்பார் கண்டார். அவரும் மின்பொறியியலாளராகிய கூவன்ஹோவன், சத்திரவைத்தியராகிய ஜூட் என்பாரும் சேர்ந்து 1960 இல் இம்முறையை வெளியிட்டனர். அதற்குச் சற்று முன்னரே பீற்றர் சாபார் முதலியோர் வாய்வழி மூச்சூதுதலின் பயனை நிறுவியிருந்தனர். இவ்விரண்டும் இணைந்தே இன்றைய முறை உருவாயிற்று. இதனால், கத்தியும் கூடமுமின்றி எவரும் எவ்விடத்தும் உயிர்காக்க முயலுதல் கைகூடிற்று.

மார்பழுத்தம் இயல்பான குருதியோட்டத்தின் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையே தரவல்லது. எனினும், மூளையையும் இருதயத்தையும் மின்னதிர்ச்சிச் சிகிச்சை கிட்டும்வரை காத்துவைக்க அது உதவும். நடுங்கும் இருதயத்தை ஒழுங்குக்குக் கொணர்வது அச்சிகிச்சையே. ஒன்றும் செய்யாது கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறையுமென்பர். தானியங்கு மின்னதிர்ச்சிக் கருவி அருகிலிருப்பின், அது வாய்மொழியாகக் கூறும் அறிவுறுத்தல்களைப் பின்பற்றி எவரும் அதனைப் பயன்படுத்தலாம்.

இவற்றை அறிந்தாரும் தயங்குவதுண்டு. விலாவெலும்பு முறிந்துவிடுமோ என்பது ஓரச்சம். முறிதல் உண்டு, முறிந்த எலும்பு பொருந்தும், நின்ற இருதயம் தானே இயங்காது. அந்நியப் பெண்ணின் மார்பிற் கைவைப்பதோ என்பது மற்றொரு கூச்சம். இக்கூச்சத்தினால் நம் தாயரும் சகோதரியரும் உதவியிழந்து மாள்வதை நாணமென்று போற்றல் தகுமா? முகத்தில் நீர் தெளித்தலும், கையில் இரும்புச்சாவி கொடுத்தலும், வாயில் நீர் வார்த்தலும் பொன்னான நேரத்தை வீணாக்குவன. நினைவற்றவர் வாயில் வார்த்த நீர் மூச்சுக்குழலை அடைத்தலும் கூடும்.

ஏட்டிற் படித்த அளவில் இவ்வித்தை கைவாராது. பாவை உருவின்மேல் அழுத்திப் பழகியவரே ஆழமும் வேகமும் உணர்வர். ஓராசிரியரும் பத்து மாணவரும் ஒரு பிற்பகற்போதில் இதனைப் பழகிக்கொள்ளலாம். சாரணர் படையும் முதலுதவிப் படையும் உள்ள கல்லூரிகளில் இது மேல்வகுப்பு மாணவர் அனைவர்க்கும் ஆண்டுதோறும் பயிற்றப்படுதல் வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் பாவையுருவங்களையும், இயலுமாயின் மின்னதிர்ச்சிக் கருவியொன்றினையும் வாங்கியளித்தல் தக்க கைங்கரியமாகும். இருதயநிறுத்தம் பெரும்பாலும் நிகழ்வது வீட்டிலேயாதலால், இங்ஙனம் பழகிய மாணவனின் கை முதலிற் காக்கப்போவது தன் தந்தையின் உயிராகவோ பாட்டியின் உயிராகவோ இருத்தல் கூடும்.