அமைதியின் அடித்தளம் – 9: வீட்டு வாசலுக்கு வந்த உலக அரசியல்

1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுச் சங்கம் அரசுகள் தமக்குள் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையின் விளைவு என்பதும், ஜெனீவாவில் கூடிய அதன் பேரவையில் பேசும் உரிமை அரசுகளின் பிரதிநிதிகளுக்கு மட்டுமே இருந்தது என்பதும் சென்ற இதழில் விளக்கப்பட்டன. அத்தகைய சங்கம் நிலைத்து நிற்க வேண்டுமானால் உறுப்பு நாடுகளின் பொதுமக்கள் அதைத் தமக்குரியதாகக் கருத வேண்டும் என்பதைப் பிரிட்டனில் சிலர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர்; 1918-ல் இரண்டு சிறிய அமைப்புகளை இணைத்து அவர்கள் உருவாக்கியதுதான் பன்னாட்டுச் சங்க ஒன்றியம். பெயர்கள் நெருங்கியிருப்பினும் இவ்விரண்டும் வெவ்வேறானவை. சங்கம் அரசுகளின் கூட்டமைப்பு. ஒன்றியமோ ஆண்டுச் சந்தா செலுத்திச் சேர்ந்த ஆசிரியர்களும் மதகுருமார்களும் இல்லத்தரசிகளும் தொழிலாளர்களும் தத்தம் ஊர்களில் கிளை அமைத்து நடத்திய தன்னார்வ இயக்கம். உச்சநிலையில், அதாவது 1931-ல், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்குச் சந்தா செலுத்தினர்.

இந்த இயக்கம் மிக ஆழமாக வேரூன்றிய பகுதி இங்கிலாந்தன்று, வேல்ஸ் ஆகும். பிரிட்டனின் மேற்கு ஓரத்தில், 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 27 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகையும், அதில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் பேசிய தனி மொழியும் கொண்டிருந்த இந்தச் சிறிய நாட்டுக்கு அயலுறவுக் கொள்கை என ஒன்று இருக்க வழியே இல்லை. வெளியுறவு முழுவதும் லண்டனின் பொறுப்பில் இருந்தது. ஆயினும் அங்கே அமைதி இயக்கத்துக்கு ஒரு பழைய மரபு இருந்தது. டிரெகாரன் என்ற சிற்றூரில் பிறந்த ஹென்றி ரிச்சர்ட் 1848 முதல் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் லண்டன் அமைதிக் கழகத்தின் செயலாளராக இருந்து, நாடுகளுக்கிடையே எழும் பூசல்களை நடுவர் தீர்ப்பின் மூலம் முடித்துக்கொள்ள வேண்டும் என்று நாடாளுமன்றத்திலும் வெளியிலும் வாதாடியவர். அந்த மரபைத் தாங்கி நின்றவை ஆங்கிலத் திருச்சபையின் ஆளுகையை ஏற்காத சுயேச்சைச் சபைகள். ஒவ்வொரு கிராமத்திலும் சுரங்கக் குடியிருப்பிலும் ஒன்றிரண்டாவது இருந்த இந்தச் சபைகள் வழிபாட்டிடங்களாக மட்டுமன்றி, சிறுவர்களோடு பெரியவர்களும் பயின்ற ஞாயிறு பள்ளிகளாகவும், பாடகர் குழுக்களின் பயிற்சிக்கூடங்களாகவும், மதுவிலக்குக் கூட்டங்களின் மேடைகளாகவும் விளங்கின. கூட்டம் கூட்டுவது, குறிப்பெழுதுவது, சந்தா வசூலிப்பது, வீடுதோறும் சென்று பேசுவது ஆகிய பொதுவாழ்க்கைத் திறன்கள் அனைத்தும் சாதாரண மக்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அங்கேதான் வளர்ந்தன. தன்னார்வ இயக்கங்களின் வரலாற்றை எழுதுவோர் தலைவர்களின் பெயர்களுக்குத் தரும் இடத்தில் ஒரு பங்கையேனும் இத்தகைய முன்பயிற்சிக்குத் தருவதில்லை என்பது பெருங்குறை.

முதல் உலகப் போர் இந்த மக்களைக் கடுமையாகத் தாக்கியது. கார்டிஃபில் பின்னர் வைக்கப்பட்ட நினைவேட்டில் போரில் மாண்டவர்களாக ஏறத்தாழ 35,000 பெயர்கள் பதிவாகியுள்ளன. 1917 செப்டம்பரில் நடந்த தேசியக் கவிதை விழாவில் முதற்பரிசுக்குரியவராக அறிவிக்கப்பட்ட ஹெத் வின் என்ற ஆட்டிடையர், அதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்பே பெல்ஜியப் போர்முனையில் இறந்துவிட்டிருந்தார். பரிசாக அவருக்கு வழங்கப்படவிருந்த நாற்காலி மேடையிலேயே கறுப்புத் துணியால் மூடப்பட்டது. போருக்குப் பின் அமைதியைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு இந்த மக்களிடம் போரின் கொடுமையை விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இனியொரு போரைத் தடுக்கத் தம்மால் எதுவும் செய்ய இயலும் என்ற நம்பிக்கையைத்தான் ஊட்ட வேண்டியிருந்தது. மதகுருவான க்விலிம் டேவிஸ் 1922-ல் தொடங்கிவைத்த, வேல்ஸ் சிறுவர்கள் உலகச் சிறுவர்களுக்கு ஆண்டுதோறும் விடுக்கும் நல்லெண்ணச் செய்தி அவ்வகை முயற்சிகளுள் ஒன்று. முதலாண்டில் மோர்ஸ் குறியீட்டில் கம்பியில்லாத் தந்தியாக அனுப்பப்பட்ட அது இன்றும் ஒவ்வொரு மே மாதமும் வெளிவருகிறது.

அதைவிடப் பெரிய முயற்சி 1923 மே மாதத்தில் அபெரிஸ்ட்வித் நகரில் கூடிய ஒன்றியத்தின் மாநாட்டில் உருவாயிற்று. பன்னாட்டுச் சங்கம் என்ற கருத்தை உலகின் முன் வைத்தவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன். ஆனால் அமெரிக்க செனட் 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் வெர்சாய் ஒப்பந்தத்தை ஏற்க மறுத்ததால் அமெரிக்கா சங்கத்துக்கு வெளியே நின்றுவிட்டது. உலகின் மிகப்பெரிய பொருளாதார வலிமை வெளியே இருக்கும்வரை சங்கத்தின் தடைகளுக்கோ தீர்ப்புகளுக்கோ முழுப்பலன் இராது. ஆகவே, வேல்ஸின் பெண்கள் அமெரிக்காவின் பெண்களுக்கு நேரடியாக ஒரு விண்ணப்பம் விடுத்து, அவர்களுடைய நாட்டைச் சங்கத்தில் சேரத் தூண்டுமாறு கேட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. ஓர் அரசு இன்னோர் அரசுக்கு எழுதுவது தூதாண்மை. ஒரு நாட்டின் மக்கள் இன்னொரு நாட்டின் மக்களுக்கு, இரு அரசுகளையும் கடந்து எழுதுவது அக்காலத்தில் பழக்கமில்லாத செயல்.

வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் தனித்தனி அமைப்பாளர்கள் பொறுப்பேற்க, அவர்களின்கீழ் ஏறத்தாழ 400 உள்ளூர் அமைப்பாளர்கள் பணியாற்றினர். மலைப்பண்ணைகளுக்கும் சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்கும் துறைமுகத் தெருக்களுக்கும் தாள்களை எடுத்துச் சென்று, சங்கம் எத்தகையது, அமெரிக்கா ஏன் சேரவில்லை, சேர்ந்தால் என்ன மாறும் என்பதையெல்லாம் எடுத்துரைத்து, பெயரும் முகவரியும் கையெழுத்தும் பெற்றனர். ஓராண்டுக்குள் சேர்ந்த கையெழுத்துகள் 390,296. தாள்களை வரிசையாக இணைத்தால் ஏழு மைல் நீளும் என்று சொல்லப்படுகிறது. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டுமே, அதுவும் சொத்துத் தகுதியோடு, வாக்குரிமை அளித்திருந்ததையும், ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை 1928-ல்தான் கிடைத்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வாக்குச்சீட்டு கைக்கு வராத இளம்பெண்களுக்கு, உலக அரசியலைப் பற்றிய ஒரு கேள்வியில் தம் பெயரைப் பதிவு செய்ய இந்தத் தாள் வாய்ப்பளித்தது. விண்ணப்பத்தின் உண்மையான பயன்களுள் இதுவே முதலாவதாக எண்ணத்தக்கது.

தாள்கள் ஓக் மரப் பேழை ஒன்றில் அடுக்கப்பட்டு, ஆனி ஹியூஸ்-கிரிஃபித்ஸ் தலைமையிலான குழுவினருடன் 1924 பிப்ரவரியில் அட்லாண்டிக்கைக் கடந்தன. மேரி எல்லிஸ், எலினெட் பிரைஸ் ஆகியோரும் அக்குழுவில் இருந்தனர். பிப்ரவரி 19 அன்று நியூயார்க்கில் அமெரிக்கப் பெண்கள் அமைப்புகளின் பிரதிநிதிகள் நிரம்பிய அவையில் விண்ணப்பம் அளிக்கப்பட்டது; இரண்டு நாள் கழித்து வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் குழுவினரைச் சந்தித்தார். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வைக்கப்பட்ட பேழை, ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 2023-ல் அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்துக்குத் திரும்பியது. அங்கே கையெழுத்துகளைக் கணினியில் படியெடுத்து, தத்தம் பாட்டிமாரின் பெயர்களைக் குடும்பத்தினர் தேடிக் கண்டறிய உதவும் பணியையும் தன்னார்வலர்களே மேற்கொண்டனர்.

விண்ணப்பம் கேட்டது நடந்ததா என்றால், நடக்கவில்லை. அமெரிக்கா பன்னாட்டுச் சங்கத்தில் ஒருபோதும் சேரவில்லை. 1920-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில், வில்சனின் சங்கத்தில் சேர்வதை எதிர்த்த ஹார்டிங் பெற்ற பெருவெற்றிக்குப் பின் அந்தக் கேள்வி அமெரிக்க அரசியலில் ஏறத்தாழ மூடப்பட்டுவிட்டது. 1924-ல் எந்தப் பிறநாட்டுக் குரலும் அதைத் திறந்திருக்க இயலாது. ஓராண்டு கழித்து வாக்குரிமை இயக்கத்தின் மூத்த தலைவரான கேரி சாப்மன் கேட் வாஷிங்டனில் போரின் காரணங்களையும் தீர்வையும் ஆராயும் பெண்கள் மாநாட்டைக் கூட்டினார் என்பதும், அமெரிக்கப் பெண்களின் அமைதி இயக்கம் அந்தப் பத்தாண்டில் வலுப்பெற்றது என்பதும் உண்மையே. எனினும் அவற்றை வேல்ஸ் விண்ணப்பத்தின் வெற்றிகளாகக் கணக்கிடுவது மிகையாகும்.

விண்ணப்பத்துக்குள்ளேயே ஒரு குறையும் இருந்தது. கையெழுத்திட்டவர்களிடமிருந்து அது எதையும் கோரவில்லை. செய்ய வேண்டியவர்கள் அமெரிக்கர்கள்; கேட்டுக்கொண்டவர்கள் வேல்ஸ் பெண்கள். அமைதியை விரும்புகிறீர்களா என்ற கேள்விக்கு விரும்புகிறோம் என்று விடையளிப்பது எவருக்கும் எளிது. அந்த அமைதியைக் காக்க உங்கள் நாடு எந்த இழப்பை ஏற்கும் என்பதே கடினமான கேள்வி. பதினோராண்டுகளுக்குள் அந்தக் கேள்வியையும் வீட்டு வாசல்களுக்கு எடுத்துச் சென்றது ஒன்றியத்தின் மிகப்பெரிய சாதனை.

அமைதி வாக்கெடுப்பு என்று வரலாற்றில் அறியப்படும் அந்த முயற்சிக்கு முன்மாதிரியாக அமைந்தது, 1934-ன் தொடக்கத்தில் லண்டனை அடுத்த இல்ஃபர்டில் உள்ளூர் இதழ் ஒன்றின் ஆசிரியர் நடத்திய சிறிய வாக்கெடுப்பாகும். ஹிட்லரின் ஜெர்மனி முந்தைய ஆண்டு சங்கத்தை விட்டு விலகியிருந்தது. ஜப்பானும் விலகுவதாக அறிவித்திருந்தது. ஆயுதக் குறைப்பு மாநாடு முறிந்துகொண்டிருந்தது. இந்நிலையில் ஒன்றியத்தின் தலைவர் ராபர்ட் செசில் பிரபு, நாட்டின் கருத்தை அரசு அறியும்படி நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்தத் துணிந்தார். இது சட்டப்படியான தேர்தலன்று. அரசின் எந்த ஏற்பாடும் இதற்கில்லை. சீட்டுகளை அச்சிட்டு வீடுதோறும் கொடுப்பது, ஐயங்களுக்கு விடை சொல்வது, மீண்டும் சென்று பெற்றுவருவது, எண்ணிக் கூட்டுவது ஆகிய அனைத்தையும் ஏறத்தாழ ஐந்து லட்சம் தன்னார்வலர்கள் செய்தனர். பதினெட்டு வயது நிரம்பிய எவரும் வாக்களிக்கலாம். பீவர்புருக் பிரபுவின் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளேடு கடுமையாகத் தாக்கியது. ஆளுங்கட்சியினர் பலர் ஐயத்தோடு விலகி நின்றனர்.

முதல் நான்கு கேள்விகள் சங்கத்தில் நீடிப்பது, ஆயுதங்களைக் குறைப்பது, போர் விமானங்களை ஒழிப்பது, தனியார் இலாபத்துக்காக ஆயுதம் செய்வதைத் தடுப்பது ஆகியவற்றைப் பற்றியவை. ஐந்தாவது கேள்விதான் கனமானது. ஒரு நாடு இன்னொரு நாட்டைத் தாக்குவதில் பிடிவாதமாக இருந்தால், மற்ற நாடுகள் ஒன்றுகூடி முதலில் பொருளாதாரத் தடைகளாலும், தேவையெனில் படைபலத்தாலும் அதைத் தடுக்க வேண்டுமா என்று அது இரு பகுதிகளாகக் கேட்டது. 1935 ஜூன் மாத இறுதியில் லண்டன் ஆல்பர்ட் அரங்கில் முடிவு அறிவிக்கப்பட்டது. வாக்களித்தவர்கள் 1 கோடியே 16 லட்சம் பேர், அதாவது வயதுவந்தோரில் ஐவரில் இருவருக்குச் சற்றுக் குறைவு. சங்கத்தில் நீடிப்பதை ஏறத்தாழ 96 விழுக்காட்டினர் ஆதரித்தனர். பொருளாதாரத் தடைக்கு ஒரு கோடிப் பேர் இசைந்தனர். படைபலத்துக்கு 68 லட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் ஆமென்றும், 24 லட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் இல்லையென்றும் விடையளிக்க, எஞ்சியோரில் பெரும்பாலானோர் அப்பகுதியை நிரப்பாமல் விட்டனர். நிரப்பாமல் விட்டவர்களின் தயக்கமும் மதிக்கத்தக்கதே. போரைக் கண்டவர்கள் போரைக் கொண்டே போரைத் தடுப்பதைப் பற்றி யோசித்ததில் வியப்பில்லை. வேல்ஸில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது வாக்காளர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல், பங்கேற்றனர். விண்ணப்பத் தாளைக் கையிலெடுத்துச் சபைகளின் வழியே நடந்த ஓராண்டின் பழக்கம் அங்கே வீண்போகவில்லை.

இந்த வாக்கெடுப்பைக் கோழைகளின் அமைதிவாதம் என்று பிற்காலத்தில் பலர் எழுதியுள்ளனர். எண்களைப் படித்த எவரும் அவ்வாறு எழுத இயலாது. ஆக்கிரமிப்பைக் கூட்டாகத் தடுக்க வேண்டும், அதற்குரிய இழப்பை ஏற்க வேண்டும் என்றே பெரும்பான்மையினர் சொன்னார்கள். அதைச் சோதிக்கும் வேளையும் உடனே வந்தது. 1935 அக்டோபர் 3 அன்று முசோலினியின் இத்தாலி அபிசீனியா மீது, அதாவது இன்றைய எத்தியோப்பியா மீது, படையெடுத்தது. நவம்பரில் சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. ஆனால் படைகளை நகரவிடாமல் செய்திருக்கக்கூடிய எண்ணெய் அதில் சேர்க்கப்படவில்லை. சங்கத்தை ஆதரிப்பதாக வாக்களித்து அதே மாதம் தேர்தலில் வென்ற பிரிட்டிஷ் அரசின் வெளியுறவு அமைச்சர் சாமுவேல் ஹோர், டிசம்பரில் பிரான்சின் பிரதமர் லவாலோடு சேர்ந்து அபிசீனியாவின் பெரும்பகுதியை இத்தாலிக்கு விட்டுக்கொடுக்கும் இரகசியத் திட்டத்துக்கு இசைந்தார். செய்தி பாரிஸ் நாளேடுகளில் கசிந்தவுடன் பிரிட்டனில் எழுந்த சீற்றம் அமைச்சரைப் பத்து நாளுக்குள் பதவி விலகச் செய்தது. வீட்டு வாசலில் நின்று விளக்கிய ஐந்து லட்சம் பேரின் உழைப்பு அந்தச் சீற்றத்தில் தெரிந்தது. ஆயினும் அபிசீனியாவை அது காக்கவில்லை. 1936 மே மாதம் அடிஸ் அபாபா வீழ்ந்தது, ஜூலையில் தடைகளும் நீக்கப்பட்டன. ஒரு கோடிப் பேர் இசைவளித்த நடவடிக்கையை அரைமனத்தோடு செய்து பாழாக்கிய பொறுப்பு அமைச்சரவைகளுடையது, மக்களுடையதன்று.

தன்னார்வலர்கள் மக்களின் கருத்தை உருவாக்க முடியும், அமைச்சரைப் பதவியிறக்கவும் முடியும். ஆனால் கொள்கை வகுக்கப்படும் அறைக்குள் அவர்களுக்கு முறையான இடம் எதுவும் பன்னாட்டுச் சங்கத்தின் உடன்படிக்கையில் இருக்கவில்லை. 1945-ல் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 71-ஆம் பிரிவு, அரசு சாராத அமைப்புகளைப் பொருளாதார சமூக மன்றம் கலந்தாலோசிக்கலாம் என்று முதன்முறையாக எழுதிவைத்தது. அந்தப் பிரிவும் அதன் வரம்புகளும் அடுத்த இதழில் ஆராயப்படும்.